ஆன்சன் உறுப்பினர் ஜெயரத்தினம்: ஓர் எதிர்க்கட்சி வாழ்வின் வரவும் செலவும்

1981 அக்டோபர் 31. சிங்கப்பூர்த் துறைமுகத்தை ஒட்டிய ஆன்சன் தொகுதியில் இடைத்தேர்தல். பாட்டாளிக் கட்சியின் ஜே. பி. ஜெயரத்தினத்துக்கு 7,012 வாக்குகள் விழுந்தன. ஆளும் மக்கள் செயல் கட்சியின் பாங் கிம் ஹின் பெற்றது 6,359. வித்தியாசம் வெறும் 653. ஆனால் 1968, 1972, 1976, 1980 என்று நான்கு பொதுத்தேர்தல்களில் ஓர் இடம்கூட விடாமல் அள்ளிய கட்சி, 1965இல் நாடு சுதந்திரம் பெற்றபின் அன்றுதான் முதல்முறையாக ஒரு தொகுதியை இழந்தது. 75 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் எதிர்வரிசையில் ஒற்றை ஆள் வந்து உட்கார்ந்தார்.

அந்த ஒற்றை ஆள் எதை முன்னே வைத்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார், அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதுதான் இந்த ஆய்வு. ஜெயரத்தினத்தைத் தியாகி என்று கும்பிடுகிறவர்களும் உண்டு, வீம்புக்காரர் என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டுமே அவருடைய அரசியலைச் சரியாகப் பார்க்கவிடாமல் செய்கின்றன என்பது என் எண்ணம். அவர் ஒரு தெரிவு செய்தார். தெரிந்தே செய்தார். அந்தத் தெரிவை எடைபோட வேண்டும்.

நீதிபதியாக இருந்தவர்

ஜோஷுவா பெஞ்சமின் ஜெயரத்தினம் 1926 ஜனவரி 5 அன்று யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்தார். குடும்பம் மலாயாவில் இருந்தது. விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது பிறந்த பிள்ளை. வளர்ந்தது ஜொகூரில். இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. மக்கள் செயல் கட்சியின் நிறுவனர்களில் ஒருவரும் நீண்டகால வெளியுறவு அமைச்சருமான எஸ். ராஜரத்தினம் பிறந்த வட்டுக்கோட்டை, சங்கானைக்குப் பக்கத்து ஊர். 1981இல் ஜெயரத்தினம் நாடாளுமன்றத்துக்குள் நுழைந்தபோது ராஜரத்தினம் எதிரே அமைச்சர் வரிசையில் இருந்தார். யாழ்ப்பாணத்தின் ஒரே மூலையில் பிறந்த இருவர், சிங்கப்பூர் எப்படி ஆளப்பட வேண்டும் என்பதில் நேரெதிர் பக்கங்களில் நின்றார்கள்.

லண்டனில் சட்டம் படித்து 1951இல் வழக்கறிஞரானார். அடுத்த ஆண்டு சிங்கப்பூர்ச் சட்டப் பணியில் சேர்ந்தார். மாஜிஸ்திரேட், அரசுத் தரப்பு வழக்கறிஞர், மாவட்ட நீதிபதி, உச்ச நீதிமன்றப் பதிவாளர் என்று படிப்படியாக ஏறினார். 1963இல் அந்தப் பணியை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் நடத்தத் தொடங்கினார். ஆக, நீதிமன்றம் எப்படி இயங்குகிறது என்பதை மேசையின் இரு பக்கத்திலிருந்தும் பார்த்தவர். பின்னாளில் அவர் எதைப் பேசினாலும் சுற்றிச் சுற்றி நீதித்துறைக்கே வந்ததன் வேர் இங்கே இருக்கிறது. தொழிற்சங்கத்திலிருந்தோ மாணவர் போராட்டத்திலிருந்தோ வந்த அரசியல்வாதிக்கு அந்தப் பிடிமானம் இருந்திருக்காது.

1971இல் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் ஆனார். 1957இல் டேவிட் மார்ஷல் தொடங்கிய கட்சி அது. ஆனால் ஜெயரத்தினம் கைக்கு வந்தபோது பெயரளவில்தான் இருந்தது. 1972இல் ஃபாரர் பார்க், 1976இல் கம்போங் சாய் சீ, 1977இல் ராடின் மாஸ் இடைத்தேர்தல், 1979இலும் 1980இலும் தெலுக் பிளாங்கா. ஐந்து முறை நின்றார், ஐந்து முறையும் தோற்றார். நடுவே 1976 பிரசாரக் கூட்டத்தில் பேசிய பேச்சுக்காகப் பிரதமர் லீ குவான் இயூ அவதூறு வழக்குப் போட்டு வென்றார். இழப்பீடு 1,30,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), வழக்குச் செலவு தனி. முதல் வெற்றி கிடைக்கும் முன்பே முதல் பெரிய கடன் வந்துவிட்டது.

ஆன்சன் ஏன் மாறியது

தொகுதியின் உறுப்பினராக இருந்த தேவன் நாயர் அதிபராகப் போனதால் வந்த இடைத்தேர்தல் இது. ஆளுங்கட்சி நிறுத்தியது வசதியான குடும்பத்துத் தொழிலதிபர் ஒருவரை. துறைமுகத் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதியில் அது ஒட்டவில்லை. அப்போது துறைமுக விரிவாக்கத்துக்காக பிளேர் பிளெய்ன் பகுதியில் இருந்த துறைமுக நிர்வாகக் குடியிருப்பைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். போக இடம் இல்லாமல் குடும்பங்கள் கொதித்துக்கொண்டிருந்தன. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளின் விலையும் ஏறியிருந்தது. இன்னொன்று: இருபது ஆண்டுக்கு முன் 1961 இடைத்தேர்தலில் டேவிட் மார்ஷல் வென்றதும் இதே ஆன்சனில்தான்.

இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் என்றால், ஆன்சன் மக்கள் ஜெயரத்தினத்துக்கு வாக்களித்தது பெரும்பாலும் வீட்டுக்காக. அவர் நாடாளுமன்றத்துக்குப் போய் மிக அழுத்தமாகப் பேசியதோ சட்டத்துக்காக. வீட்டு விலையையும் மருத்துவச் செலவையும் அவர் பேசாமல் இல்லை. ஆனால் அவர் குரல் உயர்ந்த இடங்கள் வேறு: விசாரணையின்றிச் சிறைவைக்கும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நீதித்துறையின் சுதந்திரம், பத்திரிகை உரிமை. பாரிசான் சோசியாலிஸ் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சியா தை போ 1966இல் அந்தச் சட்டத்தின் கீழ் கைதானவர். ஜெயரத்தினம் உள்ளே வந்தபோதும் அவர் எந்த விசாரணையும் இல்லாமல் சிறையில் இருந்தார். அவர் சிறையிலிருந்து வெளியே வந்தது 1989இல். அதுவும் செந்தோசா தீவைவிட்டு வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையுடன். ஒரு முன்னாள் எதிர்க்கட்சி உறுப்பினர் சிறையில் இருக்கும் நாட்டில், இப்போதைய ஒரே எதிர்க்கட்சி உறுப்பினர் பேருந்துக் கட்டணத்தை மட்டும் பேசிக்கொண்டிருக்க முடியாது என்று ஜெயரத்தினம் நினைத்தது எனக்கு நியாயமாகவே படுகிறது.

1984 டிசம்பர் பொதுத்தேர்தலில் ஆன்சன் மக்கள் அவரை மறுபடி தேர்ந்தெடுத்தார்கள். இந்த முறை வாக்குகள் கூடின, சுமார் 57 விழுக்காடு. போத்தோங் பாசிரில் இன்னோர் எதிர்க்கட்சிக்காரரான சியாம் சீ டோங்கும் வென்றார். ஆளுங்கட்சியின் மொத்த வாக்கு பத்து விழுக்காட்டுப் புள்ளிக்கும் மேலாகச் சரிந்தது. இவை எல்லாம் நடந்துகொண்டிருந்தபோதே ஜெயரத்தினம் மீது ஒரு குற்றவழக்கு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று காசோலைகள்

இந்த வழக்கை நிதானமாகப் பார்க்க வேண்டும். அவருடைய வாழ்வின் அச்சு இதுதான்.

1972 தேர்தல் பிரசாரப் பேச்சு ஒன்றுக்காகப் பாட்டாளிக் கட்சி ஓர் ஆளுங்கட்சிக்காரர் மீது வழக்குப் போட்டுத் தோற்றிருந்தது. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவைக் கட்சி கட்ட வேண்டியிருந்தது. அந்தக் கடன் நின்றுகொண்டிருந்த காலத்தில் கட்சிக்கு வந்த மூன்று நன்கொடைக் காசோலைகள், கடன்காரர் கைக்குப் போகாதபடி திசைதிருப்பப்பட்டன என்பது குற்றச்சாட்டு. கட்சிக் கணக்கைப் பற்றிப் பொய்யாக உறுதிமொழி கொடுத்ததாக இன்னொன்று. மூன்று காசோலைகளின் மொத்தத் தொகை 3,000 வெள்ளியைத் தொடாது. ஜெயரத்தினத்துடன் கட்சித் தலைவர் வோங் ஹோங் டோயும் குற்றவாளிக் கூண்டில் நின்றார்.

1984 ஜனவரியில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ ஒரு குற்றச்சாட்டைத் தவிர மற்றவற்றிலிருந்து இருவரையும் விடுவித்தார். அந்த ஒன்றுக்கு அபராதம் 1,000 வெள்ளி. இங்கே ஒரு சட்ட விவரம் முக்கியம். 2,000 வெள்ளியோ அதற்கு மேலோ அபராதம் விழுந்தால் நாடாளுமன்றப் பதவி போகும், ஐந்து ஆண்டுகளுக்குத் தேர்தலில் நிற்கவும் முடியாது. 1,000 வெள்ளி என்றால் பதவி தப்பியது. அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது. தலைமை நீதிபதி அந்த விடுதலைகளை ரத்து செய்தார், மறுவிசாரணையும் வந்தது. அதே ஆண்டு மைக்கேல் கூ நீதிபதி நாற்காலியிலிருந்து தலைமைச் சட்ட அதிகாரி அலுவலகத்துக்கு மாற்றப்பட்டார்.

இந்த மாற்றத்தை ஜெயரத்தினம் நாடாளுமன்றத்தில் எழுப்பினார். கீழ்நீதிமன்றங்களில் அரசு தலையிடுகிறதா என்று கேட்டார். அரசு விசாரணைக் குழு அமைத்தது. நீதிபதி டி. எஸ். சின்னத்துரை 1986இல் விசாரித்துத் தலையீடு எதுவும் இல்லை என்று முடித்தார். தன் மேல் வழக்கு ஓடும்போதே அந்த வழக்கை நடத்தும் அமைப்பைப் பற்றி அவையில் கேள்வி எழுப்புவது எந்த வழக்கறிஞரும் தன் கட்சிக்காரருக்குச் சொல்லாத யோசனை. ஜெயரத்தினம் அதைச் செய்தார். அவர் எதை முன்னே வைத்தார் என்று கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்தக் கேள்வியைத்தான்.

மறுவிசாரணையில் மூன்று மாதச் சிறை. 1986 நவம்பரில் மேல்முறையீட்டில் அது ஒரு மாதச் சிறையாகவும் 5,000 வெள்ளி அபராதமாகவும் ஆனது. சிறைக்காலம் குறைந்தது, ஆனால் அபராதம் அந்த 2,000 வெள்ளிக் கோட்டைத் தாண்டிவிட்டது. 60 வயதில் சிறைக்குப் போனார். ஆன்சன் உறுப்பினர் பதவி போனது. அதன்பின் அங்கே இடைத்தேர்தல் நடத்தவில்லை. 1988 பொதுத்தேர்தல் வரை அந்த இடம் காலியாகவே கிடந்தது. அந்தத் தேர்தலுக்கு எல்லை வரைந்தபோது ஆன்சன் என்ற தொகுதியே இல்லாமல் போனது.

1987இல் வழக்கறிஞர் பட்டியலிலிருந்தும் அவர் பெயரை நீக்கினார்கள். இதில்தான் ஒரு கதவு திறந்தது. குற்றவழக்கை, அன்று சிங்கப்பூரின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுபோக அவருக்கு வழி இருக்கவில்லை. ஆனால் தொழில்நீக்கத்தை எதிர்த்துப் போகலாம். போனார். பெயரை நீக்கியது சரியா என்று பார்க்க, அதற்கு அடிப்படையான குற்றத்தீர்ப்பையே பிரிவி கவுன்சில் புரட்டிப் பார்த்தது. 1988 அக்டோபரில் பிரிட்ஜ் பிரபு வழங்கிய தீர்ப்பு அவரை மீண்டும் வழக்கறிஞர் ஆக்கியது. அதோடு நிற்கவில்லை. ஜெயரத்தினமும் வோங்கும் செய்யாத குற்றத்துக்காக அபராதமும் சிறையும் பொது அவமானமும் அடைந்தார்கள் என்றும், அவர்களுக்குக் கடும் அநீதி நேர்ந்தது என்றும் பதிவு செய்தது.

சரி, குற்றத்தீர்ப்பு நீங்கியதா? நீங்கவில்லை. அதை ரத்து செய்யும் அதிகாரம் பிரிவி கவுன்சிலுக்கு இந்த மேல்முறையீட்டில் இல்லை. மிச்சமிருந்தது அதிபரின் மன்னிப்பு ஒன்றுதான். கேட்டார், மறுக்கப்பட்டது. தேர்தல் தடை நீடித்தது. 1991 ஆகஸ்டில் பொதுத்தேர்தல் வந்தபோது அவருடைய தடை முடிய இன்னும் இரண்டு மாதத்துக்கு மேல் இருந்தது. வழக்கறிஞர்கள் மீதான ஒழுங்கு நடவடிக்கைகளில் பிரிவி கவுன்சிலுக்குப் போகும் வழியை அரசு 1989இல் அடைத்தது. 1994இல் எல்லா வழக்குகளுக்கும் அடைத்தது. தன் மேல்முறையீட்டு நீதிமன்றத்தைத் தானே வைத்துக்கொள்வது ஒரு சுதந்திர நாட்டின் உரிமை, அதில் தவறில்லை. ஆனால் 1989இல் எந்தக் கதவு முதலில் சாத்தப்பட்டது என்பதைப் பார்த்தால் ஜெயரத்தினம் வழக்கின் பாதிப்பு தெரிகிறது.

பேச்சுக்கு விலை

1988 தேர்தலில் நிற்க முடியாவிட்டாலும் மேடையில் பேசினார். அந்தப் பேச்சுக்கு லீ குவான் இயூ மறுபடி வழக்குப் போட்டார். 1990இல் 2,60,000 வெள்ளி இழப்பீடு. 1997இல், பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்க வேண்டிய செங் சான் குழுத்தொகுதியில் பாட்டாளிக் கட்சி அணி 45 விழுக்காடு பெற்றுத் தோற்றது. அந்தப் பிரசாரத்தின் கடைசிக் கூட்டத்தில், சக வேட்பாளர் டாங் லியாங் ஹோங் பிரதமர் கோ சோக் டோங் மீதும் அவர் ஆட்கள் மீதும் கொடுத்த இரண்டு போலிஸ் புகார்களைத் தன் முன் வைத்திருக்கிறார் என்று ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். அதற்கும் வழக்குகள். நீதிபதி எஸ். ராஜேந்திரன் பிரதமர் கேட்ட 2,00,000 வெள்ளியில் பத்தில் ஒரு பங்கான 20,000 வெள்ளி கொடுத்தார். மேல்முறையீட்டில் அது 1,00,000 ஆனது.

அவரைக் கடைசியில் சாய்த்தது இவை எதுவும் அல்ல என்பது தமிழ் வாசகர்கள் கவனிக்க வேண்டியது. 1995இல் பாட்டாளிக் கட்சிப் பத்திரிகையில் தமிழில் ஒரு கட்டுரை வந்தது. அந்த ஆண்டு நடந்த தமிழ் மொழி வாரத்தின் ஏற்பாட்டாளர்களைக் கடுமையாகத் தாக்கிய கட்டுரை. ஏற்பாட்டுக் குழுவினர் அவதூறு வழக்குத் தொடுத்தார்கள். கட்டுரையை எழுதியவர் வேறொருவர். ஆனால் பத்திரிகை ஆசிரியர் என்ற முறையில் ஜெயரத்தினமும் பொறுப்பானார். இழப்பீட்டைத் தவணையில் கட்டிக்கொண்டிருந்தார். 2001 ஜனவரியில் ஒரு தவணை ஒரு நாள் பிந்தியது. அவர் நொடித்துப்போனவர் என்று அறிவிக்கப்பட்டார். அந்த ஆண்டு ஜூலையில் மேல்முறையீடும் தோற்றது. 1997இலிருந்து அவர் வகித்த தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் பதவி (தோற்ற எதிர்க்கட்சியினரில் அதிக வாக்கு பெற்றவருக்குக் கிடைப்பது) அதோடு போனது. நொடிப்பு நிலையில் தேர்தலிலும் நிற்க முடியாது, வழக்கறிஞர் தொழிலும் செய்ய முடியாது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தையும் நீதித்துறையையும் பற்றி இருபது ஆண்டு பேசியவரின் நாடாளுமன்ற வாழ்வை முடித்தது மொழி விழா பற்றிய ஒரு கட்டுரை.

இங்கே அவர் மேல் எனக்குக் குறை உண்டு. சட்டம் அறிந்தவர், ஏற்கெனவே இரண்டு முறை அவதூறு வழக்கில் தோற்றவர், கட்சிப் பத்திரிகையில் வரும் ஒவ்வொரு வரியையும் சட்டக் கண்ணோடு பார்த்திருக்க வேண்டும். அவதூறுச் சட்டம் கடுமையானது என்பது வேறு வாதம். அது சரியான வாதமும்கூட. ஆனால் தமிழ் மொழி வார ஏற்பாட்டாளர்களோடு மோதுவது அவர் வாழ்நாள் முழுக்க முன்னே வைத்த எதற்கும் உதவவில்லை. தன் வலிமையை எங்கே செலவழிப்பது என்ற கணக்கில் அவர் சறுக்கிய இடம் அது.

வெல்லாமல் மாற்றியது

அவர் கொண்டுவந்து நிறைவேறிய சட்டம் ஒன்றும் இல்லை. 1981இலிருந்து 1986 வரை, பின் 1997இலிருந்து 2001 வரை அவர் அவையில் இருந்தார். தீர்மானங்கள் தோற்றன, கேள்விகள் மறுக்கப்பட்டன. ஆனால் ஆன்சனுக்குப் பிறகு ஆளுங்கட்சி அரசியல் சட்டத்தையே திரும்பத் திரும்பத் திருத்தியது. 1984இல் தொகுதியில்லா உறுப்பினர் முறை வந்தது: தோற்றவர்களில் அதிக வாக்கு பெற்ற எதிர்க்கட்சியினருக்கு அவையில் இடம். 1988இல் குழுத்தொகுதிகள் வந்தன, சிறுபான்மை இனத்தவருக்கு இடம் உறுதி செய்வதற்காக என்று சொல்லி. பல வேட்பாளர்களை ஒன்றாக நிறுத்த வேண்டியிருந்ததால் சிறு கட்சிகளுக்கு அது மலைபோல் நின்றது. 1990இல் நியமன உறுப்பினர் முறை. மக்களுக்கு எதிர்க்குரல் வேண்டும் என்று ஆன்சன் காட்டிவிட்டது. அந்தக் குரலை எந்த வடிவில் விடுவது என்பதற்கான பதில்கள்தான் இந்த மூன்றும் என்று நான் படிக்கிறேன்.

தொகுதியில்லா உறுப்பினர் முறையைப் பாட்டாளிக் கட்சி முதலில் ஏற்கவில்லை. 1984 தேர்தலுக்குப் பின் கட்சி வேட்பாளர் எம். பி. டி. நாயர் தனக்கு வந்த அந்த இடத்தை வேண்டாம் என்றார். 1997இல் ஜெயரத்தினமே அதில் போய் உட்கார்ந்தார். முரண்தான். ஆனாலும் பேச ஒரு மேடை இல்லாமல் பத்து ஆண்டு கழித்தவர் கிடைத்த மேடையை எடுத்துக்கொண்டதில் எனக்குக் குற்றம் காண மனமில்லை.

கட்சியைக் கட்டுவது அவருக்குக் கைவரவில்லை. சியாம் சீ டோங் மோதலைத் தவிர்த்து, தொகுதி வேலைகளைப் பார்த்து, போத்தோங் பாசிரை 1984இலிருந்து 2011 வரை தக்கவைத்தார். பாட்டாளிக் கட்சியிலேயே லோ தியா கியாங் 1991இல் ஹவ்காங்கைப் பிடித்துப் படிப்படியாக வளர்த்தார். ஜெயரத்தினத்தின் வழக்குகள் கட்சியின் பணத்தையும் தொண்டர்களின் துணிவையும் தின்றன. அவரோடு மேடை ஏறினால் என்ன ஆகும் என்ற பயம் படித்த இளைஞர்களை விலக்கியது. 2001இல் தலைமை லோவிடம் போனது. நொடிப்பில் இருந்த தனக்குக் கட்சி கைகொடுக்கவில்லை என்ற மனக்கசப்போடு அவர் வெளியேறினார். முப்பது ஆண்டு சுமந்த கட்சியை அப்படி விட்டுப் போனது அவர் வாழ்வில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் பகுதி.

அப்புறம் சில ஆண்டுகள் சிங்கப்பூர்க்காரர்கள் பலரும் கண்ட காட்சி ஒன்று. ரயில் நிலைய வாசலிலும் கடைத்தெருவிலும், அடர்ந்த நரைத்த கிருதாவோடு ஒரு முதியவர் நின்றுகொண்டு தன் புத்தகங்களைத் தானே விற்றார். சிலர் நின்று கைகுலுக்கினார்கள். பலர் பார்த்தும் பாராமல் போனார்கள். கடனை அடைக்க வேண்டும், தடையிலிருந்து வெளியே வர வேண்டும் என்பதே நோக்கம். 2007 மே மாதத்தில் 2,33,255.78 வெள்ளியைக் கட்டி நொடிப்பிலிருந்து வெளியே வந்தார். அதே ஆண்டு மீண்டும் வழக்கறிஞர் ஆனார். 2008இல் சீர்திருத்தக் கட்சியைத் தொடங்கினார், அடுத்த தேர்தலில் நிற்பதற்காக. அப்போது அவருக்கு வயது 82. செப்டம்பர் 30 அன்று இறந்தார்.

அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் அவருடைய மகன்களுக்கு எழுதிய இரங்கல் கடிதத்தில், ஜெயரத்தினம் மக்கள் செயல் கட்சியையும் ஆட்சிமுறையையும் தகர்க்கவே முயன்றார், அது ஆக்கபூர்வமான எதிர்க்கட்சியை உருவாக்க உதவவில்லை என்ற கருத்தை வைத்தார். அவருடைய விடாப்பிடியை மதிக்க வேண்டும் என்றும் சேர்த்தார். முதல் பாதியை நான் ஏற்கவில்லை. அவர் கேட்டவை விசாரணையோடு கூடிய சிறை, அரசின் நிழல் படாத நீதிபதி, பேசியதற்காகப் பிழைப்பை இழக்காத குடிமகன். ஓர் ஆட்சிமுறை இவற்றால் தகர்ந்துபோகாது.

2011இல் லோ தியா கியாங்கின் அணி அல்ஜுனிட் குழுத்தொகுதியை வென்றது. எதிர்க்கட்சி ஒன்று குழுத்தொகுதியைப் பிடித்தது அதுவே முதல்முறை. ஜெயரத்தினத்தின் மகன் கென்னத் தலைமையில் சீர்திருத்தக் கட்சியும் அதே தேர்தலில் நின்றது. ஓர் இடமும் கிடைக்கவில்லை. உறுப்பினர் பதவியைப் பறிக்கும் அபராத வரம்பு 2022இல் 10,000 வெள்ளியாக உயர்ந்தது. 1986இல் அவருக்கு விதிக்கப்பட்ட 5,000 வெள்ளி இன்றைய வரம்பில் பாதி. அந்தக் குற்றத்தீர்ப்பு மட்டும் கடைசிவரை ரத்தாகவே இல்லை.